கம்பத்தில் ஒரு பரண் லேப்டாப்!

குமுளி மலை இறங்கி, கூடலூர் தாண்டினால் கம்பம். பன்னீர் திராட்சைப் பந்தல் பார்க்கத்தான் போனேன் சார்! நண்பர் வீட்டுப் பரணில் தங்கையின் இலவச லேப்டாப். 2011-ல் ஆரம்பித்த அரசுத் திட்டத்தில் வந்தது. மெமரி 2 ஜி.பி.தான். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது நாலு வேண்டுமே!

"எடைக்குப் போட்டுரலாமா மாப்ளே?"

என் பையில் பென்டிரைவ்; அதில் ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ். அதற்கு 512 எம்.பி. போதும். பழைய போட்டோக்களை முதலில் காப்பி எடுத்தோம் (டிஸ்க்கைத் துடைத்துவிடும், ஜாக்கிரதை!). அப்புறம் இன்ஸ்டால். எழுந்துவிட்டது!

பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால் மூச்சு வாங்கும்; அது எந்த லினக்ஸ் வந்தாலும் தீராது. ஆனால் கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் தாராளம். நம்ம பி.காம். சும்மா இருக்குமா? திராட்சைக்கு ஒரு கணக்குப் போட்டேன்.

நண்பரின் அப்பா நோட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, மண்டியில கழிச்ச கமிஷனை எந்தக் கட்டத்துல போடணும்?"