பதினைந்து நாள் முற்றுகை

மும்பையின் மிகப் பழைய கத்தோலிக்கக் கோயில்களில் ஒன்று என்று கேள்விப்பட்டு, பாசி படிந்த கருங்கல் சுவர்களை எதிர்பார்த்து மாஹிம் புனித மிக்கேல் ஆலயத்துக்குப் போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். இப்போது நிற்பது 1973-இல் எழும்பிய கட்டடம். அதற்கு முன்னும் பலமுறை இடித்துக் கட்டியிருக்கிறார்கள். இங்கே பழையது என்று சொல்ல மிஞ்சியிருப்பது, இந்த இடத்துக்காக நடந்த சண்டைகள்.

சுனாபட்டி பக்கமிருந்து போகிறவர்களுக்கு ஹார்பர் லைன் ரயில் வசதி. வடாலா ரோட்டில் இறங்கி பாந்த்ரா பக்கம் போகும் வண்டிக்கு மாறினால் கிங்ஸ் சர்க்கிள், அடுத்தது மாஹிம். புதன்கிழமை என்றால் வழி கேட்கவே வேண்டாம். மேற்கு வாசலில் இறங்கும் கூட்டம் எல்.ஜே. ரோடு வரை நம்மையும் தள்ளிக்கொண்டு போய்விடும்.

கோயில் தொடங்கியது 1534 என்கிறார்கள். குஜராத் சுல்தான் பகதூர் ஷா மும்பைத் தீவுகளைப் போர்த்துகீசியருக்கு விட்டுக்கொடுத்த வசாய் உடன்படிக்கையே அந்த ஆண்டு டிசம்பர் 23-இல்தான் கையெழுத்தானது. மீதி எட்டு நாளில் பிரான்சிஸ்கன் துறவிகள் கோயில் கட்டியிருந்தால் அதுவே முதல் புதுமை! ஆண்டு கொஞ்சம் முன்பின் இருக்கட்டும்.

1739-இல் மராட்டியப் படை கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் பாந்த்ராவை நெருக்கியபோது, அங்கே மலைமேல் இருந்த மாதா சொரூபம் இங்கேதான் அடைக்கலம் வந்தது. மாஹிம் அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்ததால் ஆபத்தில்லை. 1761 வரை அந்த மாதா இங்கேயே விருந்தாளி. இன்று பாந்த்ரா திருவிழாவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எனக்குப் பிடித்தது 1853 கதை. அப்போது பம்பாய்க் கத்தோலிக்கர்களுக்கு இரண்டு எஜமானர்கள். போர்ச்சுகல் அரசருக்கு இருந்த பதுரவாதோ உரிமைப்படி கோவா பேராயரை ஏற்றவர்கள் ஒரு கட்சி. ரோமின் பிரொபகாந்தா சபை அனுப்பிய ஆயரை ஏற்றவர்கள் எதிர்க்கட்சி. நம் முத்துக்குளித்துறை ஊர்களையும் இரண்டாகப் பிளந்த அதே வழக்குதான்.

ரோம் தரப்பு ஆயர் அனஸ்தாசியுஸ் ஹார்ட்மன், சுவிட்சர்லாந்துக்காரர், கப்புச்சின் துறவி. மாஹிம் கோயிலை விட்டுக்கொடுப்பதைவிட வேதசாட்சியாகச் செத்துப்போகலாம் என்று அறிவித்தார். அவருடைய ஆட்கள் உள்ளே இருந்துகொண்டு வாசலை அடைத்தார்கள். பல நாளைக்கு வேண்டிய சாமான்களும் சேர்த்து வைத்திருந்தார்கள். வெளியே இருந்தவர்கள் சும்மா விடுவார்களா? அவர்கள் பங்குக்கு எல்லா வழியையும் மறித்து, உள்ளே எதுவும் போகாதபடி காவல் போட்டார்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே செபமாலை, ஒரே பூசை. பதினைந்தாம் நாள் அரசு அதிகாரிகள் வந்து கதவை வலுவில் திறந்து, கோயிலைப் பதுரவாதோ தரப்பிடம் ஒப்படைத்தார்கள். கத்தோலிக்கர் சண்டையைத் தீர்க்க ஆங்கில அரசு வர வேண்டியிருந்தது. வேதசாட்சி முடி ஆயருக்குக் கிடைக்கவில்லை. பம்பாயில் இந்த இரட்டை அதிகாரம் 1928 வரை இழுத்தது.

இன்றைய கூட்டத்துக்குக் காரணம் வேறு. 1948 செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள், ஒரு புதன்கிழமை. அன்றுதான் இங்கே இடைவிடா சகாய மாதா நவநாள் தொடங்கியது. அதன் பிறகு எல்லாப் புதனும் திருவிழாதான். இந்துக்கள், முஸ்லிம்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். பதுரவாதோ என்று யாரிடமாவது கேட்டால் ஏதோ பலகாரம் என்று நினைப்பார்கள்.

வாசல் கடைகளில் மெழுகால் செய்த கை, கால், குழந்தை, வீடு. எது வேண்டுமோ அதை வாங்கி மாதாவுக்கு வைக்கலாம். நான் போன அன்று எனக்கு முன்னால் தாராவியிலிருந்து வந்த ஓர் ஆச்சி. கடைக்காரப் பெண் எடுத்துக் கொடுத்த மெழுகு வீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏ நஹி, மாலாவாலா தே” என்றார். மாடி வைத்தது வேண்டுமாம்.

“இதுவும் வீடுதானே ஆச்சி?”

“ஏரியா பூரா பில்டிங் வரப்போவுதுன்னு சொல்லுதானுவ. நான் மாதாகிட்ட போயி குடிசையவா கேக்கது?”

மாடி வீட்டுக்குப் பத்து ரூபாய் கூடுதல். பேரம் பேசி அதையும் குறைத்துத்தான் வாங்கினார்.