நிலக்கோட்டை அலமாரியும் திண்டுக்கல் பூட்டும்

நிலக்கோட்டைக்கு மருமகளாக வருகிறவளுக்கு இரண்டு விஷயங்களில் குறையே கிடையாது. ஒன்று பூ, மற்றொன்று பூட்டு! விடிவதற்குள் மார்க்கெட்டில் மல்லிகை குவிந்துவிடும். பூட்டு வேண்டுமென்றால் கொடைரோடு, சின்னாளபட்டி வழியாகப் பஸ் பிடித்துத் திண்டுக்கல் போக வேண்டும். (சின்னாளபட்டியில் சுங்குடிப் புடவைக்காக இறங்கிவிடாமல் இருப்பது அவரவர் மனவுறுதியைப் பொறுத்தது!)

எங்கள் வீட்டில், மாமியாரின் மாமியார் காலத்துத் தேக்கு அலமாரி ஒன்று இருக்கிறது. அதில் திண்டுக்கல்லில் கையால் செய்த லீவர் பூட்டு. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். "அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்பார் மாமியார். ஆனால் அதில் பாத்திரமும் பட்டுப்புடவையும் அடைத்துக்கொண்டதால், மருந்து மாத்திரைகளுக்கென்று ஹாலில் புதிதாக ஒரு பிளைவுட் அலமாரி செய்தோம். அதற்குக் கடையில் வாங்கிய பளபளப்பான சின்னப் பூட்டு.

என் மகனுக்கு அப்போது இரண்டரை வயது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிற பருவம். உயரத்தில் வைத்தால் எட்டாது என்பதெல்லாம் அந்த வயதில் செல்லாது. மாமனாரின் சர்க்கரை நோய் மாத்திரைகளும் அந்த அலமாரியில்தான். அவற்றில் சில வகைகள், ஒன்றே ஒன்று குழந்தையின் வயிற்றுக்குள் போனாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அதுவும் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துக்கூட வரும். அப்படி ஏதும் நடந்தால், குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்காமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா சும்மா வேடிக்கையாகத் தன் வீட்டு டி.வி. மேஜையின் சாவியை எங்கள் பூட்டில் போட்டுத் திருப்பினார். திறந்துகொண்டது! எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. "நாளைக்கே திண்டுக்கல்லுக்குக் கிளம்பு" என்றார் மாமியார்.

நாகல் நகர்ப் பக்கம் ஒரு குறுகலான தெரு. முன்பாதி பட்டறை, பின்பாதி வீடு. அரம் போடும் கீறல் சத்தமும் சமையலறைத் தாளிப்பு வாசனையும் ஒன்றாக வந்தன. பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "வாங்கம்மா. கதவுக்கா, டிராயருக்கா?" என்று கேட்டார்.

நான் பிளைவுட் அலமாரிப் பூட்டை நீட்டினேன். அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தவர், "இது பூட்டு இல்ல தாயி, பூட்டு மாதிரி" என்று சொல்லிவிட்டு, பாதி முடிந்த பூட்டு ஒன்றை மூடியில்லாமல் என் முன் வைத்தார்.

பெட்டிக்குள் ஆறு பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. இவைதான் லீவர்கள். ஒவ்வொன்றையும் ஒரு சின்ன ஸ்பிரிங் கீழே அழுத்திக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வாசல் வெட்டியிருக்கிறது. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால் ஆறு வாசல்களும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கும். அப்போதுதான் தாழ்ப்பாளின் முளை அதற்குள் நுழைந்து நகரும். ஒரு தகடு கொஞ்சம் குறைவாக ஏறினாலும் திறக்காது, கூடுதலாக ஏறினாலும் திறக்காது. கூடினாலும் தடுக்கும் இந்த யுக்திக்கு 1778-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் என்ற பூட்டுத் தொழிலாளி காப்புரிமை வாங்கினார்.

பெரியவர் சாவியைத்தான் முதலில் செய்து முடிக்கிறார். பிறகு அந்தச் சாவியாலேயே தகடுகளைத் தூக்கி, முளை எங்கே இடிக்கிறதோ அங்கே கோடு போட்டு, அந்த இடத்தில் மட்டும் வாசல் அறுக்கிறார். அறுத்ததை அரத்தால் இரண்டு இழுப்பு, மாட்டிப் பார்ப்பது, மறுபடி ஒரு இழுப்பு. எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. "ஒரு முடி கனம் கூடப் போச்சுன்னா தகட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்றார். அளவுகோல் எதையும் அவர் தொட்டு நான் பார்க்கவில்லை. விரல்தான் அளவுகோல்!

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு தகட்டுக்கு ஐந்து உயரங்கள் என்று வைத்துக்கொண்டால், இரண்டே தகடுள்ள பூட்டுக்கு 25 விதச் சாவிதான் இருக்க முடியும். ஆறு தகடென்றால் 15,625 விதம்! 25 விதம்தான் என்றால் ஒரே தெருவில் இரண்டு வீட்டுச் சாவி ஒன்றாக இருப்பதில் என்ன அதிசயம்?

திண்டுக்கல்லில் இந்தத் தொழில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு, கதவுப் பூட்டு, இழுப்பறைப் பூட்டு என்று எத்தனையோ வகை. கோயில் கதவுகளிலும் திண்டுக்கல் பூட்டைப் பார்க்கலாம். 1957-ல் பூட்டு, இரும்புச் சாமான், எஃகு மேஜை பீரோ செய்யும் தொழிலாளர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. பிறகு வடக்கே அலிகாரிலிருந்து மெஷினில் செய்த மலிவுப் பூட்டுகள் வந்து குவிந்தன. பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பூட்டை இந்தப் பெயரில் விற்கக்கூடாது என்ற சட்டப் பாதுகாப்பு அது. பெயருக்குக் காவல் கிடைத்துவிட்டது. அரம் பிடிக்கும் கைக்கு?

"பசங்க இருக்காங்களா?" என்று மாமியார் கேட்டார்.

"ரெண்டு பேரு. ஒருத்தன் திருப்பூர்ல, ஒருத்தன் கோயமுத்தூர்ல. நான்தாம்மா போகச் சொன்னேன். நாள் பூரா உக்காந்து தேய்ச்சா கிடைக்கிற கூலி அவனுகளுக்குக் காணாது." பேசும்போதும் அரம் நிற்கவில்லை.

அவர் பிள்ளைகளை அனுப்பியதை என்னால் குறை சொல்ல முடியவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் அனுப்பவில்லையா? ஆனால் கைப்பிடிக்கும் கண்ணாடிக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழித்து 'மாடுலர் கிச்சன்' போடுகிற நாம், பூட்டு என்று வரும்போது மட்டும் "இதுக்குப் போய் இவ்வளவா?" என்கிறோமே, அதுதான் உறுத்துகிறது. எங்கள் பூட்டுக்குக் கடைப் பூட்டைப்போல் நாலு மடங்கு விலை. மாமியார் பேரம் பேசவில்லை. அவர் பேரம் பேசாமல் ஒரு பொருள் வாங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்!

நீங்களும் செய்யச் சொல்வதானால் சில அளவுகளைக் குறித்துக்கொண்டு போங்கள். பலகையின் கனம், கதவு இடப்பக்கம் திறக்கிறதா வலப்பக்கமா, விளிம்பிலிருந்து சாவித்துளை எத்தனை தள்ளி இருக்க வேண்டும், இவை மூன்றும் முக்கியம். பழைய பூட்டு இருந்தால் அதையே கழற்றிக் கொண்டுபோவது உத்தமம். 'எத்தனை லீவர்?' என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது தூசியைப் பிடித்து நாளடைவில் பசையாகிவிடும். பென்சிலின் கரிமுனையைப் பொடித்து, சாவியில் தடவி நாலு தரம் திருப்பினால் போதும்.

இரண்டு சாவி தருவார்கள். ஒன்று உங்கள் இடுப்பில் இருக்கட்டும். மற்றதை, நாற்காலி போட்டு ஏறினாலும் அகப்படாத இடத்தில், பெரியவர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தாத்தாவுக்கு மாத்திரை வேண்டுமானால் உங்களை எழுப்ப வேண்டியிருக்காது.