குறைகளைப் படம்பிடிப்பவர்கள்

ஜவ்வாது மலையில் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே பன்னிரண்டரை டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஓர் ஊரின் அட்சரேகை எத்தனையோ, அத்தனை உயரம்தான் அங்கே துருவத்துக்கும். டெல்லியில் 28, லண்டனில் 51. அங்கெல்லாம் தலையைத் தூக்கினால் தெரிந்துவிடும். ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் நாங்கள் வண்டியை நிறுத்திய சாமைக் கொல்லையில் வடக்கே ஒரு மேடு எழும்பி, துருவத்தை முழுசாக மறைத்திருந்தது. இரவு வானத்தைப் படமெடுக்க வந்தவர்களுக்கு முதலில் வேண்டியதே அந்த வடக்குதான்.

கேமராவைத் தாங்கும் மவுண்ட்டின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தாக வேண்டும். அப்போதுதான் பூமி கிழக்கே சுழலும் அதே வேகத்தில் மவுண்ட் மேற்கே சுழன்று, நட்சத்திரத்தைக் கேமராவுக்குள் அசையாமல் பிடித்துவைக்கும். அச்சு கொஞ்சம் விலகினாலும் புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் கோடாக இழுபடும்.

“துருவத்தைப் பாக்காமலே வடக்கைப் பிடிக்கலாம் சார். ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்” என்றார் ஓசூரிலிருந்து வந்திருந்த லேத் பட்டறைக்காரர். அந்த மவுண்ட் அவர் கையால் செய்தது.

மாசி மாதத்து அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை அது. அவரோடு வேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவரும், சென்னையில் பொறியியல் படிக்கும் மாணவி ஒருத்தியும் இருந்தார்கள். மாணவிக்குத் துணையாக அவளுடைய அப்பா. வங்கி ஊழியர். முதலில் காவலுக்கு வந்தவர், இப்போது ஒரு தெர்மாமீட்டரும் கோடு போட்ட நோட்டுமாகக் குழுவின் கணக்குப்பிள்ளை ஆகிவிட்டார்.

இருட்டியதும் தென்வானில் உயரமாக ஓரியன் வந்து நின்றது. அதன் இடைவாரில் இருக்கும் மூன்று நட்சத்திரங்களில் மேற்கே உள்ளது மின்டாகா. வான நடுக்கோட்டின் மேலேயே கிட்டத்தட்ட உட்கார்ந்திருக்கும் நட்சத்திரம் அது. கேமராவை அதன் மேல் திருப்பி, மடிக்கணினித் திரையில் பெரிதாக்கி, ஆசிரியர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். சில நிமிடங்களில் புள்ளி மெல்லத் தெற்கே நழுவியது.

“அச்சு கிழக்கே திரும்பியிருக்கு. மேற்கே தள்ளுங்க.”

பட்டறைக்காரர் முக்காலியின் மேலே இருந்த திருகைக் கால் சுற்று திருப்பினார். மறுபடியும் காத்திருப்பு, மறுபடியும் நழுவல், இந்த முறை குறைவாக. மின்டாகா நழுவாமல் நின்றதும், கிழக்கே ஏறிவந்துகொண்டிருந்த மக நட்சத்திரத்தை வைத்து அச்சின் உயரத்தைச் சரிசெய்தார்கள். எங்கே இருக்கிறது என்று தெரியாத துருவத்தை, நட்சத்திரம் எவ்வளவு விலகுகிறது என்பதிலிருந்து கண்டுபிடிக்கிறார்கள். அன்றிரவு நான் பார்த்த வேலைகள் எல்லாமே இந்த வகைதான். முதலில் தங்கள் பிழையை அளக்கிறார்கள். அதைக் கழித்த பிறகுதான் வானத்துக்கு வருகிறார்கள்.

பட்டறைக்காரரின் மவுண்ட்டுக்குள் 144 பற்கள் கொண்ட பித்தளைச் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதன் பல்லில் பதிந்து வார்ம் என்ற திருகுத் தண்டு ஒன்று சுற்றுகிறது. நட்சத்திரங்கள் ஒரு முழுச் சுற்று வர 23 மணி 56 நிமிடம் ஆவதால், பெரிய சக்கரத்துக்கும் அதே நேரம். வார்ம் ஒரு சுற்று சுற்றப் பத்து நிமிடத்துக்கு ஓரிரு நொடி குறைவு. வார்மின் மரையில் எங்காவது துளி மேடு இருந்தால், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நட்சத்திரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும்.

எவ்வளவு துளி என்று ஆசிரியர் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு டிகிரியில் 3600 பங்கில் ஒன்று ஆர்க்செகண்ட். அவர்களுடைய 400 மில்லிமீட்டர் லென்ஸில், கேமராவின் ஒரு பிக்சல் வானத்தில் இரண்டு ஆர்க்செகண்டைப் பார்க்கிறது. வானமோ நொடிக்குப் பதினைந்து ஆர்க்செகண்ட் நகர்கிறது. அந்தச் சக்கரத்தின் ஆரம் 72 மில்லிமீட்டர். அதன் விளிம்பில் இரண்டு ஆர்க்செகண்ட் என்பது ஏறக்குறைய 0.7 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு.

“எங்க வேலையில பத்து மைக்ரான் வந்தாலே கம்பெனிக்காரன் கைகுலுக்கிட்டுப் போவான். இது என்னால ஆகாதுன்னுதான் முதல்ல விட்டுட்டேன்” என்றார் அவர். பிறகு கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, வார்மையும் சக்கரத்தையும் ஒன்றோடொன்று நாள்கணக்காக ஓடவிட்டிருக்கிறார். இரண்டும் ஒன்றையொன்று தேய்த்து, இருந்த மேடுகளைத் தாமே தின்றுகொண்டன. பற்களுக்கிடையே தளர்வு வராமல் இருக்க ஸ்பிரிங் வைத்து அழுத்தியிருக்கிறார். அப்படியும் மிச்சம் இருந்த ஆட்டத்துக்குத்தான் கைடிங். பெரிய லென்ஸுக்குப் பக்கத்திலேயே சின்னத் தொலைநோக்கி ஒன்றைக் கட்டி, அதிலுள்ள கேமரா ஒரே ஒரு நட்சத்திரத்தை இரண்டு நொடிக்கு ஒரு தரம் பார்க்கிறது. அது இம்மி நகர்ந்தால் மோட்டாருக்குத் தகவல் போகிறது. திரையில் ஓடிய கோட்டைத் தொட்டுத் தொட்டு அவர் எனக்குக் காட்டினார். ஏறியது எந்தப் பல், இறங்கியது எந்தப் பல் என்று அவருக்கு மனப்பாடம்.

மலைக்கு வந்த காரணம் இருட்டுதான். இரவு வானத்தின் இருட்டை ஒன்றிலிருந்து ஒன்பது வரை வகுத்து ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்க அமெச்சூர் வானியலாளர் 2001-இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார். மாநகரத்தின் நடுப்பகுதிக்கு ஒன்பது. இங்கே தலைக்கு மேல் வானம் நன்றாக இருந்தாலும், வடகிழக்கில் வேலூர் ஒரு வெளிச்சக் கூம்பாக நின்றது. தென்கிழக்கில் திருவண்ணாமலை. ஆசிரியர் ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்திலிருந்து ஒரே லென்ஸில் இந்தக் கூம்புகளைப் படமெடுத்து வைக்கிறார். கூம்புகள் உயர்ந்துகொண்டே வருகின்றன என்பதை அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே தெரிகிறது.

தெருவில் மஞ்சள் சோடியம் விளக்கு எரிந்த காலத்தில் அதன் ஒளி 589 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டைக்குள்தான் அதிகம் இருந்தது. ஒரு ஃபில்டரைப் போட்டு அதைத் தடுத்துவிட முடிந்தது. வெள்ளை எல்.இ.டி. விளக்கு எல்லா நிறத்திலும் பரவுகிறது. அதைத் தடுக்கப் போனால் நட்சத்திரத்தையும் சேர்த்துத் தடுக்க வேண்டும். தெருவிளக்கு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால் போதும், செலவும் அதிகமில்லை என்கிறார்கள். இதைக்கூட நாம் செய்யாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தருகிறது. மேலே போகிற வெளிச்சத்தால் நடக்கிறவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

வடக்கில் துருவம் தாழ்ந்திருப்பதற்கு ஈடாகத் தெற்கு நமக்கு ஏராளமாகத் திறந்திருக்கிறது. காவலூர் வானாய்வகம் இதே ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. வடவானம், தென்வானம் இரண்டையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம் என்பதும் வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். 1968-இல் சிறிய தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கியது. இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கும் நூறாண்டுகளுக்கு முன்பு, 1867-இல், சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி மாறுகிறது என்று கண்டுபிடித்தார். அது தென்வானின் ஆழத்தில், ஐரோப்பிய வானாய்வகங்களின் அடிவானத்துக்குக் கீழே கிடக்கும் நட்சத்திரம். சென்னையிலிருந்து பார்த்தாலும் பதினான்கு டிகிரிக்கு மேல் ஏறாது. அவர் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அன்றைக்கு எடுக்க வேண்டியது கரைனா நெபுலா என்ற வாயு மேகம். ஒரு மணி சுமாருக்கு அது நேர் தெற்கே வந்து, பதினேழரை டிகிரி உயரத்தில் நிற்கும். அதற்குள் இருக்கும் ஈட்டா கரைனே என்ற நட்சத்திரம் 1843-இல் திடீரென்று பொங்கி, வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசமான நட்சத்திரமாகக் கொஞ்ச காலம் இருந்தது. வெறுங்கண்ணுக்கு நெபுலா ஒரு வெளிறிய திட்டு. அதன் சிவப்பு, ஹைட்ரஜன் வெளியிடும் 656.3 நானோமீட்டர் ஒளி. கடையில் வாங்கும் கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் இந்தச் சிவப்பில் பெரும்பகுதியை வெட்டிவிடும். மாணவியின் பழைய கேமராவில் அந்த ஃபில்டரைக் கழற்றியிருந்தார்கள்.

மூன்று நிமிடத்துக்கு ஒரு படம் என்று கேமரா தானாக எடுத்துக்கொண்டே போனது. ஒரு படம் போதாதா என்று கேட்டேன். “ஒரே படத்துல நெபுலாவும் இருக்கும் சார், இரைச்சலும் இருக்கும். நாலு படம் சேத்தா இரைச்சல் பாதியாகும். நூறு சேத்தா பத்துல ஒண்ணு. நெபுலா அப்படியே இருக்கும்” என்றாள் மாணவி. மேலே பனி இறங்கத் தொடங்கியது. லென்ஸின் வாயைச் சுற்றி மின்தடைகளைக் கோத்துத் தைத்த ஒரு பட்டையைச் சுற்றி, பாட்டரியில் இணைத்திருந்தார்கள். கையை வைத்துப் பார்த்தேன். குழந்தைக்கு லேசாகக் காய்ச்சல் அடிப்பதுபோல அவ்வளவுதான் சூடு. அதற்கே பனி படியவில்லை.

பிறகு வந்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. நெபுலா முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே மூன்று நிமிடக் கணக்கில் இருட்டைப் படமெடுக்கத் தொடங்கினார்கள். இதற்கு டார்க் என்று பெயர். வெளிச்சமே விழாத சென்சாரிலும் சூட்டினால் சில புள்ளிகள் ஒளிரும். ஏறத்தாழ ஆறு டிகிரி சூடு ஏறினால் இந்தக் கோளாறு இரட்டிப்பாகும். அதனால் இருட்டையும் நெபுலாவை எடுத்த அதே குளிரிலேயே எடுத்தாக வேண்டும். அப்பாவின் நோட்டு இதற்குத்தான். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை டார்ச்சின் சிவப்பு வெளிச்சத்தில் குனிந்து வெப்பநிலையைப் படித்து, வங்கிக் கையெழுத்தில் எழுதினார். “ஒரு டிகிரி குறைஞ்சிருக்கும்மா” என்று அவர் சொன்னதும் மகள் இன்னும் சில டார்க் எடுத்தாள்.

மூன்றரை மணிக்கு ஒமேகா சென்டாரி தன் பாதையின் உச்சிக்கு வந்தது. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒரே உருண்டையாகச் சேர்ந்த கூட்டம், பதினேழாயிரம் ஒளியாண்டு தொலைவு. லண்டனில் இருப்பவர் இதைப் பார்க்க ஊரை விட்டுத் தெற்கே கிளம்ப வேண்டும். பட்டறைக்காரர் தன் தொலைநோக்கியில் அதை எனக்குக் காட்டினார். நடுவில் மாவு கொட்டியதுபோல் தெரிந்ததை உற்றுப் பார்க்கப் பார்க்க, ஓரங்களில் தனித்தனிப் பொடியாக உதிர்ந்தது. அன்றிரவு யாரும் பேசாமல் இருந்த சில நிமிடங்கள் அவை.

விடியலில் கடைசி வேலை. லென்ஸின் வாயில் வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, வெளுக்கும் வானத்தை நோக்கி வைத்து எடுப்பது பிளாட். லென்ஸின் ஓரங்கள் எவ்வளவு மங்கல், சென்சாரின் முன்னால் தூசி எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற வரைபடம் அது. படத்தை அதால் வகுத்தால் மங்கலும் தூசியும் போய்விடும். நெபுலாவுக்கு இரண்டு மணி நேரம். அதற்கு முன்னும் பின்னுமாக இந்தச் சோதனைகளுக்கு இரவின் மிச்சம் முழுவதும்.

இதெல்லாம் கம்ப்யூட்டர் வேலைதானே என்று கேட்பவர்கள் உண்டு. மலைக்கு மேலே ராட்சச நிலாவை ஒட்டி, இல்லாத பால்வீதியை வரைந்து சுற்றுக்கு விடும் படங்களைப் பார்த்துப் பழகியதால் வரும் கேள்வி அது. அந்தப் படங்கள் இந்த உழைப்பை அவமதிக்கின்றன என்றே நான் நினைக்கிறேன். இவர்கள் வானத்தில் எதையும் சேர்ப்பதில்லை. தாங்கள் சேர்த்துவிட்டதைத்தான் கழிக்கிறார்கள்.

கழிக்கத் தெரிந்தவர்களுக்கே புதிதாக ஒன்று அகப்படும். பிரான்சின் யான் சேன்டி, சேவியர் ஸ்ட்ரோட்னர், ஜெர்மனியின் மார்செல் டிரெக்ஸ்லர் என்ற அமெச்சூர்கள், ஆண்ட்ரோமீடா விண்மீன்மண்டலத்துக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் ஒளியில் ஒரு பெரிய வில்லைக் கண்டு, தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து 2023-இல் அறிவித்தார்கள். உலகத்தில் அதிகமாகப் படமெடுக்கப்பட்ட வானப் பகுதிகளில் ஒன்று அது. அதுவரை ஒருவர் கண்ணிலும் படவில்லை. லென்ஸுக்குள் எதிரொளித்த வெளிச்சமாக இருக்குமோ என்பதே முதல் சந்தேகம். வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு தொலைநோக்கியில் எடுத்துப் பார்த்து, எல்லாவற்றிலும் வில் இருந்த பிறகுதான் நம்பினார்கள்.

இரண்டு வாரம் கழித்து மாணவியின் வீட்டுக்குப் போனேன். கரைனா படம் ஏறக்குறைய தயார். சிவப்பு மேகம், நடுவே கருந்தூசியின் பிளவு. வலது மூலையில் மட்டும் சாம்பல் நிறத்தில் மிக மெல்லிய பட்டை ஒன்று இருந்தது. நட்சத்திர வரைபடங்களில் அந்த இடத்தில் அப்படி எதுவும் குறிக்கப்படவில்லை. பட்டறைக்காரரும் ஆசிரியரும் போனில் இருந்தார்கள்.

“பிளாட் சரியா வரலையோ என்னமோ. துணி அந்தப் பக்கம் மடிஞ்சிருந்துச்சா?”

“இல்லண்ணா, நான் பாத்துதான் கட்டினேன்.”

“அப்ப கேமராவைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வெச்சு எடுத்துப் பாரும்மா. பட்டையும் சேந்து திரும்புச்சுன்னா நம்ம குறை. நட்சத்திரத்தோடயே நின்னா வானத்துல இருக்கு” என்றார் ஆசிரியர்.

அப்பா நோட்டில் பங்குனி அமாவாசைத் தேதியைக் குறித்துக்கொண்டு, கொல்லைக்காரருக்குப் போன் செய்யப் போனார். படத்தைக் கேட்டேன். எடுத்துப் பார்த்த பிறகு தருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.