றொசல்ல லயத்துக்குள் விழுந்த சூரியன்

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே இருக்கிறது றொசல்ல புகையிரத நிலையம். அங்கே இறங்கித் தேயிலைத் தோட்ட லயங்களை நோக்கி ஏறினேன். சவுக்கு மரங்களின் ஊடாகக் காலை வெயில் பாதையில் பொட்டுப் பொட்டாக விழுந்து கிடந்தது. இலை இடுக்குகள் கோணல்மாணலானவை, ஆனால் மண்ணில் விழும் பொட்டுகள் வட்டமானவை. ஒவ்வொரு பொட்டும் சூரியனின் உருவம் என்பதால்தான் அந்த வட்டம். சூரியன் குறைந்தால் பொட்டும் குறையும்.

2019 டிசம்பர் 26 காலை அப்படிக் குறைந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சிப் பக்கங்களில் நெருப்பு வளையமாகத் தெரிந்த கிரகணம், இந்த மலைகளில் பகுதிக் கிரகணமாக இருந்தது. அப்படியும் சூரிய முகத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மறைந்தது. அதை இங்கே யார் பார்த்தார்கள் என்று கேட்கத்தான் வந்தேன்.

அன்று பெரும்பாலானோர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்களாம். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி தன் குசினிக்குள் கூட்டிப்போனார். புகை படிந்த தகரக் கூரையில் ஆணி கழன்ற ஓட்டைகள். அவற்றின் வழியே வந்த வெளிச்சம் தரையில் முட்டை வடிவில் கிடந்தது.

"புள்ளத்தாச்சி இருந்த வீடு தம்பி, கதவ தொறக்கல. வெயில் வந்து வந்து போச்சு. இந்த வெளிச்சம் பிற மாதிரி வளஞ்சிருச்சு. எனக்குப் பயம் புடிச்சு சாக்கப் போட்டு மூடிட்டேன்."

எனக்கு உடல் சிலிர்த்தது. கிரகணத்துக்கு அஞ்சி உள்ளே இருந்தவர், அதை மிகப் பாதுகாப்பான முறையில் பார்த்திருக்கிறார்! இருட்டறை, சிறு துளை, கீழே தரை. பிம்பம் தலைகீழாக விழும், அவ்வளவுதான். பத்தடி உயரத் துளை ஓர் அங்குலத்துக்குச் சற்றுப் பெரிய சூரியனைத் தரும். காலை வெயில் சாய்ந்து வருவதால் அது நீள்கிறது.

வெளியே வந்து, எதிர்ச்சரிவில் தெரிந்த ஒரு கட்டடத்தை என் கட்டைவிரலால் மறைத்துக் காட்டினேன். சிறியது அருகில் இருந்தால் பெரியதை மறைத்துவிடும். சூரியன் நிலவைவிடச் சுமார் 400 மடங்கு அகலம், கிட்டத்தட்ட அதே மடங்கு தொலைவு. அதனால் வானத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிகின்றன. ஏறக்குறைய என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிலவு நம்மிடமிருந்து 3,63,000 கிலோமீற்றர் முதல் 4,05,000 கிலோமீற்றர் வரை விலகிப்போய் வருகிறது. பூமியோ ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும். ஆகவே 2019 டிசம்பர் இறுதியில் சூரியன் சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. நிலவு அதை முழுதாக மூட முடியாமல், விளிம்பு வளையமாக மிஞ்சியது. 1955 ஜூன் 20 அன்று நிலவு பெரிதாகத் தெரிந்ததால், இதே தீவின் மேல் முழுக் கிரகணமே கடந்துபோனது. பசிபிக்கை நோக்கிப் போன அதன் பாதையில் இருள் அதிகபட்சம் 7 நிமிடத்துக்கு மேல் நீடித்தது. 20 ஆம் நூற்றாண்டில் அதுதான் மிக நீண்டது.

"அப்ப மாசாமாசம் அமாவாசைக்கு ஏன் வரல?" என்று பாட்டியின் பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. நிலவின் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான அமாவாசைகளில் நிழல் பூமிக்கு மேலேயோ கீழேயோ போய்விடும். இரண்டு தளங்களும் வெட்டும் புள்ளிகளின் அருகே அமாவாசை நேர்ந்தால்தான் கிரகணம். அந்த இரு புள்ளிகளையே நம் பஞ்சாங்கம் ராகு, கேது என்கிறது. சூரியனை விழுங்குவதாகப் பாட்டி பயந்த அந்தப் பாம்புகளுக்கு வானக் கணக்கிலும் இடம் உண்டு என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

கர்ப்பிணிக்கோ ஆக்கிய சோற்றுக்கோ கிரகணத்தால் கேடு இல்லை. கேடு கண்ணுக்குத்தான், அதுவும் நேராகப் பார்த்தால். விழித்திரை கருகும்போது வலிக்காது என்பதே அதன் ஆபத்து. புகைபிடித்த கண்ணாடியும் எக்ஸ்ரே பிலிமும் காப்பாற்றாது.

2031 மே 21 அன்று நண்பகலுக்குப் பின் தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் தொட்டு இன்னொரு வளையக் கிரகணம் போகிறது. றொசல்லயில் அன்றும் பகுதிக் கிரகணம் தெரியும். மே மாதத்து மேகம் இந்தச் சரிவுகளில் எப்போது கவியும் என்று சொல்ல முடியாது. வெயில் கிடைத்தால், சூரியன் உச்சிக்கு அருகில் இருப்பதால் பிறை அதிகம் நீளாமல் தரையில் தெளிவாக விழும். அன்று சாக்குப் போடாமல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் குசினிக்குக் கூப்பிடும்படி பாட்டியிடம் கேட்டுக்கொண்டேன். அதற்குள் கூரை மாற்றிவிட்டால் என்ன செய்வது என்றார். ஒரு அட்டையில் ஊசியால் குத்திய துளை போதும், சூரியனுக்கு முதுகு காட்டி நின்று வெளிச்சத்தை இன்னொரு தாளில் பிடிக்கலாம் என்று பேத்திக்குச் செய்து காட்டினேன்.