விபத்தில் போனவருக்கு எழுதும் கல்வெட்டு

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு எழுதிக் கொடுக்கிற எங்களுக்கு இளவயதுச் சாவுதான் பெரிய சோதனை. எண்பதில் போனவருக்குப் பரம்பரை, வயல், கோயில் திருப்பணி, பேரப்பிள்ளைகள் என்று பக்கம் தானாக நிரம்பும். இருபத்தாறு வயதுக்காரரின் வரலாறு அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். மிச்சத்தை அடைமொழியால் நிரப்பக் கை துறுதுறுக்கும். சீருடை போட்டவர் என்றால் ‘வீரமரணம்’ ஆயத்தமாக நிற்கும். சண்டையில்லாத நாளில், பயிற்சிப் பறப்பில் இறந்தவருக்கு அந்தச் சொல்லைப் போடக்கூடாது என்பது என் கட்சி.

இந்தியக் கடற்படை லெப்டினன்ட் கிரண் ஷெகாவத்தை எடுத்துக்கொள்வோம். 1988 மே 1இல் பிறந்து 2010இல் படையில் சேர்ந்தவர். 2015 மார்ச் 24 இரவு பத்து மணியளவில் அவர் போன டோர்னியர் விமானம் கோவாக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. மூவரில் ஒருவரை மீன்பிடிப் படகுக்காரர் உயிரோடு தூக்கினார்கள். இருட்டுக் கடலில் ஒரு தலையைக் கண்டுபிடிப்பது என்னவென்று முல்லைத்தீவாருக்குச் சொல்லத் தேவையில்லை. லெப்டினன்ட் அபினவ் நாகோரியும் கிரணும் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து, ஏறக்குறைய 60 மீற்றர் ஆழத்தில், விமானத்துக்குள்ளேயே கிரணின் உடல் கிடைத்தது. கடமையில் உயிரிழந்த முதல் இந்தியக் கடற்படைப் பெண் அதிகாரி என்று எழுதினார்கள். உண்மைதான், ஆனால் அந்த ‘முதல்’ என்பது விபத்து கொடுத்தது. அவர் தேடிப் பெற்றது வேறு. அவர் விமானம் ஓட்டியவர் அல்லர், ஒப்சேவர். ராடர் திரையைப் பார்த்துக் கீழே போவது எந்தக் கப்பல் என்று பிரித்தறிகிறவர், விமானம் எதற்காகப் பறக்கிறதோ அந்த வேலையைச் செய்கிறவர். அக்கடற்படையின் முதல் பெண் விமானி ஷிவாங்கி வந்ததே 2019 டிசம்பரில்தான். வரலாற்றுப் பகுதியில் இடம்பெற வேண்டியது இந்த வேலை.

செத்தவீட்டில் விபத்து அறிக்கையா வாசிப்பது என்று கேட்பார்கள். கல்வெட்டில் புலம்பலுக்குத் தனியிடம் இருக்கிறது. தாய் அங்கே எப்படியும் அழலாம். வரலாறு, அடுத்த தலைமுறை எடுத்துப் பார்ப்பது. அங்கே ‘வீரமரணம்’ என்று எழுதினால் எதிரி ஒருவன் இருந்ததாகிவிடும். விமானம் ஏன் விழுந்தது என்ற கேள்வி அதோடு படுத்துவிடும்.

இந்தியப் படைக்காரருக்கு வன்னியில் எதற்கு மை செலவழிப்பது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. கிரண் பிறந்தபோது அந்தப் படை இங்கேதான் நின்றது. 1987 முதல் 90 வரை கண்டவர்களின் கோபத்தை நான் மறுக்கவில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் போராட்டம் தொடங்கிய தாய்மாரின் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளையும் விபத்தில் போனவரையும் ஒரே தட்டில் வைக்கவும் மாட்டேன். அதனால்தான் சொல்லில் இவ்வளவு கறார். எல்லாருக்கும் ஒரே அடைமொழியைப் போட்டு அச்சடித்தால், கொல்லப்பட்டவர் யார், காணாமல் ஆக்கப்பட்டவர் யார், விபத்தில் விழுந்தவர் யார் என்று பிறகு எவராலும் பிரிக்க முடியாது.

திதி வெண்பாவில் இது இன்னும் இறுகும். விழுந்த நாளா, உடல் எடுத்த நாளா? விழுந்த நேரம் தெரிந்தால் அதுதான் திதி. ஜய வருடம், பங்குனி. உடல் எடுத்த 26ஆம் திகதி வரலாற்றுக்குள் போகட்டும். மணியையும் கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் ஒரே இரவுக்குள் திதி மாறிவிடும்.