இடப்பக்கம் இழுக்காத சைக்கிள்

அப்பாவின் சைக்கிள் இடப்பக்கம் இழுக்கும். அதை ஒரு குறை என்று நான் நினைத்ததில்லை. பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்ட நாளிலிருந்து எனக்குத் தெரிந்த சைக்கிள் அது ஒன்றுதான். வலது கையால் ஹேண்டிலை லேசாகத் தன் பக்கம் பிடித்துக்கொண்டு, உடம்பையும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தால் வண்டி நேராகப் போகும். சைக்கிள் ஓட்டுவது என்றாலே அதுதான் என்று என் கையும் முதுகும் படித்துவைத்திருந்தன.

அப்பா திருநெல்வேலி டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு, ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கப் போய்க்கொண்டிருந்தார். ஈரடுக்கு மேம்பாலம் ஏறி இறங்கி, ஜங்ஷனைக் கடந்து, சுலோசன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைத் தாண்டினால் கொக்கிரகுளம். அப்புறம் வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி. ராத்திரி சாப்பிட்டானதும் அவர் வலது தோளில் அம்மா காயத்திருமேனித் தைலம் தேய்த்துவிடுவாள். நாள் முழுக்க ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கும் கை வலிக்கத்தானே செய்யும் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தோம். எங்கள் வீட்டு இரவுகளுக்கே அந்தத் தைல வாசனைதான்.

1986 ஆனியில், நெல்லையப்பர் தேரோட்டம் முடிந்த வாரம், பெடலை மிதிக்கும்போதெல்லாம் 'டக், டக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. சைக்கிள் கடை அண்ணாச்சி வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சீமெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு மூட்டாகத் துடைத்துக்கொண்டே வந்தார். ஹேண்டில் கழுத்துக்குக் கீழே, சாய்ந்து இறங்கும் குழாயில் அவர் விரல் நின்றது. தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு. அதிலிருந்து துரு கலந்த எண்ணெய் கசிந்தது.

"சார், இது இனி தாங்காது. பத்த வச்சுத் தாரேன், ஆனா பக்கத்துலயே விட்டுரும். பாத்துக்கிடுங்க."

ஏன் விடும் என்று நான் கேட்டேன். குழாய்களை வெறுமே ஒட்டிவைத்திருப்பதில்லை, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கூடு போல இரும்பு உறை இருக்கிறது, உறைக்கும் குழாய்க்கும் நடுவே பித்தளையை உருக்கி ஓடவிட்டிருக்கிறார்கள் என்று காட்டினார். அதன் கணக்கு பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகிவிடும். எஃகையே உருக்கி ஒட்டவேண்டுமானால் 1,400 டிகிரிக்கு மேல் போகவேண்டும். மெல்லிய குழாயை அவ்வளவு சூட்டில் வாட்டினால், பற்றவைத்த இடம் நிற்கும், அதற்கு அடுத்த இடம் தளர்ந்துபோகும். அண்ணாச்சிக்கு இந்த டிகிரி எதுவும் தெரியாது. விட்ட குழாய்களைத் தெரியும்.

லூதியானாவிலிருந்து வந்த 22 அங்குல பிரேம் ஒன்றைப் போர்க்குடன் சேர்த்து வாங்கினோம். கறுப்பு. கழுத்திலும் பாரிலும் மெல்லிய பொன் கோடு. பழைய சக்கரங்கள், ஹேண்டில், சீட்டு, கேரியர் எல்லாம் அதற்கு மாறவேண்டும். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஆனாலும் மூன்று சாயங்காலம் நான் அந்தக் கடையின் எண்ணெய்ப் பலகை மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாள் அவர் ஒரு ஸ்பேனரையும் தொடவில்லை. நூல்கண்டை எடுத்தார். பின்சக்கர அச்சு உட்காரும் இடத்தில் நூலின் ஒரு முனையைக் கட்டி, முன்னால் கழுத்துக் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்க அச்சு இடத்தில் இழுத்துக் கட்டினார். நூல் இரண்டு பக்கமும் விறைத்து நின்றது. நடுவில் சீட்டுக் குழாய். அதற்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். முதலில் பழைய பிரேமில் கட்டிக் காட்டினார். ஒரு பக்கம் என் சுண்டுவிரல் நுழைந்தது. மறுபக்கம் கட்டைவிரல் தாராளமாகப் போய்வந்தது.

"இத்தன வருசமும் சார் இதையா ஓட்டுனாரு?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

புதியதிலும் ஒரு நெல்மணி அகலம் வித்தியாசம் இருந்தது. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. "புதுசுன்னா நேரா இருக்கும்னு யாருல சொன்னா?" என்று சொல்லி, பிரேமைத் தரையில் கிடத்தி, முழங்காலைக் கொடுத்து பின்கவையை ஒரு பக்கமாக நெம்பினார். திரும்ப நூல். திரும்ப நெம்பல். நாலாவது தடவை நூலைச் சுண்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்த நூல்கண்டுக்கு ஈடாக வேறெந்தக் கருவியும் என் மனதில் இன்றுவரை இல்லை.

அடுத்த நாள், பெடல் அச்சு உட்காரும் கூட்டில் மரைக்குள் அடைந்திருந்த பெயிண்டைச் சுரண்டினார். வலப்பக்கக் கப்பு மட்டும் எதிர்த் திசையில் திரும்பி ஏறியது. நேர் மரையாக இருந்தால் மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடுமாம். கிரீஸைத் தடவி, கால் அங்குலக் குண்டுகளைப் பக்கத்துக்கு 11 என்று நான்தான் எண்ணிப் பதித்தேன். முன்சக்கரத்தின் 32 கம்பிகளுக்கும் பின்சக்கரத்தின் 40 கம்பிகளுக்கும் கோட்டம் எடுக்க அவருக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது.

மூன்றாம் நாள் வண்டி தயார். "ஏல தம்பி, பைய போ. அப்பா கையில கொண்டு குடு" என்று அனுப்பினார். எனக்குப் பதின்மூன்று வயது. சீட்டில் உட்கார்ந்தால் பெடல் முழுதாக எட்டாது. இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துத்தான் மிதிக்கவேண்டும்.

தெருமுனை வருவதற்குள்ளேயே வண்டி வலப்பக்கம் போனது. நேராக்கினேன். திரும்பவும் வலப்பக்கம். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் ஏதோ சத்தம் போட்டார். அண்ணாச்சி தப்பாகப் பூட்டிவிட்டார், இதுவும் கோணல்தான் என்று நெஞ்சு அடைத்துக்கொண்டது. இறங்கி நின்று ஹேண்டிலைப் பார்த்தேன். சக்கரத்துக்கு நேராகத்தான் இருந்தது. திரும்ப ஏறி, பத்தடி போனபிறகுதான் என் வலது கையைக் கவனித்தேன். அது பழைய வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. இல்லாத ஒரு இழுப்புக்கு எதிராக அது இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

கையைத் தளர்த்தினேன். வண்டி நேரானது.

1973இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தில் கனரக வண்டிகள் மேலடுக்கில் போகும், எங்களுக்குக் கீழடுக்கு. அந்த ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பழைய பிரேம் நெளியும். செயின் கவரில் செயின் உரசி 'கர்ர்க்' என்னும். அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே மிதித்தேன். வரவில்லை. மிதித்தது மிதித்தபடி சக்கரத்துக்குப் போனது. முன்பல் சக்கரம் 44, பின்னால் 18; பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 18 அடி போகவேண்டும். அன்றைக்குத்தான் அந்த 18 அடியும் எனக்கு முழுசாகக் கிடைத்தது போலிருந்தது.

சுலோசன முதலியார் பாலத்துக்கு வந்தபோது ஆனிக் காற்று முதுகில் பிடித்துத் தள்ளியது. 1843இலிருந்து நிற்கும் பாலம். கீழே ஆற்றில் தண்ணீர் நிறைய இருந்தது. வெறுமே பார்த்துவிடலாம் என்று இரண்டு கை விரல்களையும் ஹேண்டிலிலிருந்து ஓர் அங்குலம் தூக்கினேன். சக்கரம் ஒருமுறை அசைந்து, தானே நிமிர்ந்தது. வளைந்து இறங்கும் போர்க்கின் அமைப்பில், சக்கரம் தரையைத் தொடும் இடம் கழுத்துக் குழாயின் கோட்டுக்குக் கொஞ்சம் பின்தங்கியிருக்கும். அந்தப் பின்தங்கல் சக்கரத்தை நேராக்க உதவுகிறது என்று பிறகு படித்தேன். அதுவும் இல்லாமல், சுழலும் சக்கரத்தின் விசையும் இல்லாமல்கூட ஒரு சைக்கிள் தானாக நிமிர்ந்து ஓடும் என்று 2011இல் ஆய்வாளர்கள் ஒன்றைச் செய்தே காட்டினார்கள். படிக்கப் படிக்க எனக்கு அந்தப் பாலத்து நொடி பெரிதாகிக்கொண்டுதான் வருகிறது.

அச்சக வாசலில் அப்பா பொன் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "ஏறுல" என்றார். கேரியரில் உட்கார்ந்தேன். புறப்பட்டதும் வண்டி வலப்பக்கம் நெளிந்தது. "என்னல இது?" என்றார். "கைய விடுங்கப்பா. அது இழுக்காது. நீங்கதான் இழுக்கீங்க" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. கொக்கிரகுளம் வரும்வரை வண்டி அலைந்துகொண்டே வந்தது. என் முகத்துக்கு நேரே அவர் முதுகு. வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. அதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. பாலத்தில் எதிர்க்காற்று அடிக்க, குனிந்து மிதித்தபோது, அந்தத் தோள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது.

ஆடி முடியும் சமயம் எனக்குக் கணுக்காலில் சுளுக்கு. அம்மா மாடத்திலிருந்து தைலக் குப்பியை எடுத்தாள். ஓரத்தில் எண்ணெய் பிசுபிசுத்துக் காய்ந்து மூடி இறுகிப்போயிருந்தது. முந்தானையால் பிடித்துத் திருகிப் பார்த்துவிட்டு, "இதத் தொறந்து எத்தன நாளாச்சு?" என்று அப்பாவிடம் நீட்டினாள்.