மேற்பூச்சு

தேர்வுத் தாள்களைத் திருத்துகையில் நாம் அடிக்கடி எழுதிவந்த சொல் ஒன்றுண்டு: 'மேற்பூச்சு'. பொருள் குறைந்து அலங்காரம் மிகுந்த விடைகளின் ஓரத்தில் சிவப்பு மையால் அதைக் குறிப்போம். சென்ற மார்கழியின் ஓர் இரவுக்குப் பிறகு அச்சொல்லை எழுதக் கை தயங்குகிறது.

மஞ்சக்குட்டையில் நம் துணைவியார் குடும்பத்துக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. பழம் பறிப்பு மும்முரமாக நடந்த நாளில், தோல் நீக்கும் பல்ப்பரின் பற்சக்கரத் தண்டு முறிந்தது. பறித்த பழத்தை அன்றே உரிக்காவிட்டால் புளிப்பேறி, கொட்டையின் சுவை கெடும். மாற்றுத் தண்டு ஒன்று கைவசம் இருந்தது. ஆனால் கடினப்படுத்தச் சூடேற்றிக் குளிர்வித்தபோது பேரிங் அமரும் இடம் சற்றே பருத்திருந்தது. ஓராண்டு உழைப்பு களத்தில் குவிந்து கிடக்க, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வந்தோம்.

சாணை பிடிக்கும் பட்டறைகள் மூடியிருந்தன. நினைவுக்கு வந்தவர் நம் பழைய மாணவர். தமிழ் முதுகலை முடித்தும் வேலை அமையாமல், லேத் பட்டறையில் டர்னராக இருப்பவர். தண்டின் கடினம் ராக்வெல் அளவில் 58. அரம் போட்டால் வழுக்கும். "லேத்திலேயே எடுத்துப் பார்க்கலாம், ஐயா" என்றார்.

அவரிடம் இரண்டு கார்பைடு டிப்புகள் இருந்தன. ஒன்று சாம்பல் நிறம், பூச்சில்லாதது, விலை குறைவு. மற்றது கருநீலம். முதலில் சாம்பல் நிறத்தைப் பொருத்தினார். சீவல் செந்தணலாய்ப் பறந்தது. மைக்ரோமீட்டரில் பார்த்தால், தொடங்கிய இடத்தைவிட முடிந்த இடம் பருமன். கடைந்துகொண்டிருக்கும்போதே முனை தேய்ந்துவிட்டது. கருநீல டிப்பை மாற்றியதும் இரு முனைகளும் ஒரே அளவில் நின்றன.

காரணத்தை அவர்தாம் விளக்கினார். டங்ஸ்டன் கார்பைடுத் துகள்களைக் கோபால்ட் பிணைத்து வைத்திருக்கிறது. கடின எஃகை வெட்டும் வெப்பத்தில் அந்தப் பிணைப்பு இளகுகிறது. கருநீலப் பூச்சு டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு. மூன்று நான்கு மைக்ரான் தடிமன்தான்; நம் தலைமுடியோ ஏறக்குறைய எழுபது மைக்ரான். சூடேறும்போது பூச்சிலுள்ள அலுமினியம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய அலுமினா படலமாகி வெப்பத்தைத் தடுக்கிறது. பொன்னிறமான டைட்டானியம் நைட்ரைடு ஏறத்தாழ 600 பாகையிலேயே சிதையத் தொடங்க, இது 800 வரை தாங்கும். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையில் வெட்டியெடுத்த பாக்சைட்டிலும் இருந்தது அந்த அலுமினாவே என்றபோது வியந்தோம்.

"அப்படியானால் பூச்சுள்ளதே எப்போதும் மேலா, தம்பி?" என்றோம்.

"இல்லீங்கய்யா. அலுமினியம் கடைய பூச்சில்லாததுதான் நல்லது. அதோட முனை கூர்மை. பூச்சு ஏறினா கொஞ்சம் மழுங்கும், அலுமினியமும் அதுல ஒட்டிக்கும். அடியில இருக்கிற கார்பைடு தாங்கலைன்னா, பூச்சு முட்டை ஓடு மாதிரி நொறுங்கிடும்."

சற்று நேரம் கழித்து, இயந்திரத்தைத் துடைத்தபடியே சொன்னார்: "என் கட்டுரையில 'வெறும் மேற்பூச்சு'ன்னு எழுதியிருந்தீங்க."

நமக்கு நினைவில்லை. அவர் மறக்கவில்லை. வீட்டில் புத்தகமே இல்லாமல் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை மாணவர் அவர். கடன் வாங்கிய அந்த அலங்காரச் சொற்கள், வகுப்பறையின் வெப்பத்தைத் தாங்க அவர் பூசிக்கொண்ட காப்பாக இருந்திருக்கலாம். அடியில் திண்மை உண்டா என்று நாம் சுரண்டிப் பார்க்கவில்லை. பூச்சைக் கண்டதும் தீர்ப்பு எழுதிவிட்டோம். மண்தரையைச் சாணத்தால் பூசி மெழுகியது தரையைக் காக்கத்தான். அதையே மூடிமறைத்தலுக்குப் பெயராக்கிப் பழகிய மொழியில் வளர்ந்தவர்கள் நாம்.

"தவறு நம்முடையது, தம்பி" என்றோம். அவர் சிரித்துவிட்டுத் தண்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். டிப்புக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

விடியுமுன் பல்ப்பர் ஓடியது. பழத்தில் ஒரு பகுதி புளித்திருந்தது, மற்றது தேறியது. தேய்ந்த சாம்பல் நிற டிப் இப்போது நம் மேசையில், சிவப்பு மைப் பேனாவுக்கு அருகே இருக்கிறது.